ஏழு சூப்

சமையல் கல்லூரி விடுதி அறையில், வீங்கிய கால்களைப் பெட்டிமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள் அவள். ஐம்பத்திரண்டு வயதில் கடல் தாண்டி வந்து இன்றோடு ஒரு வாரம். போன் அடித்தது. கணவர்.

"மிளகாய்த்தூள் எங்கடி இருக்கு?"

"அடுப்புக்கு மேல, ரெண்டாவது டப்பா."

"நேத்து மருமக சமைச்சதுல உப்பே இல்ல. பையன் தட்டைத் தள்ளி வச்சுட்டு எந்திரிச்சுட்டான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முப்பது வருடம் அவள் சமைத்தபோதும் அந்த வீட்டில் தட்டுகள் இப்படித்தான் தள்ளப்பட்டன.

"சரி, இன்னிக்கு என்ன கத்துக்கிட்ட?"

"ஏழு சூப். அப்புறம் இந்த ஊர்ல இருக்கிற சந்தையெல்லாம் சுத்தினோம். நாளைக்குப் படகுல பக்கத்துத் தீவு. கால் ரெண்டும் கழண்டு போச்சு."

"நல்லாக் கத்துக்க. வந்து எங்களுக்கு விதவிதமா ஆக்கிப் போடணும்ல? அதுக்குத்தானே அனுப்பினேன்!"

"என்னங்க, நான் சேர்ந்தது சமைக்கிற வகுப்பு இல்ல."

"பின்னே?"

"அடுத்தவங்க சமைச்சதைச் சாப்பிட்டுக் குறை சொல்ற வகுப்பு. நான் ஒரு வருஷம் படிக்கணுமாம். நீங்கல்லாம் படிக்காமலே பாஸ் பண்ணிட்டீங்க."