பூச்சியத்துக்கு வராத மீட்டர்

பெரிய விசிறியால் காற்றை வீசிச் சோதிக்கும் கோவைக் காற்றுக்கூடத்தில் பந்தய சைக்கிள்களின் மீட்டர்களைச் சரிபார்ப்பவள் முபீனா. மிதிக்கும் விசையையும் எதிர்க்காற்றின் இழுப்பையும் அளக்கும் அந்த மீட்டர்கள், ஓட்டுபவரின் நாடித்துடிப்பைக்கூட உணர்ந்து கழித்துவிடும். அன்று வீராங்கனை செம்மலர் சைக்கிள்மேல் அசையாமல் உட்கார்ந்தும் திரையில் பூச்சியம் வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை செலக்‌ஷனுங்க்கா. மீட்டர் கெட்டுப்போச்சுங்களா?"

அவளை இறக்கிவிட்டு, மிதியில் எடைக்கல்லைத் தொங்கவிட்டாள் முபீனா. இம்மிகூடப் பிசகவில்லை. மறுபடி அவளை ஏற்றிவிட்டு, பெரிய விசிறியை நிறுத்தினாள். கூடம் நீருக்கடியில் இருப்பதுபோல் அமைதியானது. செம்மலரின் துடிப்பைக் கழித்த பின்னும் திரையில் ஒரு மெல்லிய அலை, மீன்குஞ்சுபோல், இருமடங்கு வேகத்தில் நீந்திக்கொண்டிருந்தது.

முபீனா திரையைச் செம்மலரின் பக்கம் திருப்பினாள்.

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு கண்ணு. உன் துடிப்பக் கழிச்சாச்சு. இது உள்ள இருக்கற இன்னொருத்தரோடது."

செம்மலரின் கை கைப்பிடியை விட்டு மெதுவாக வயிற்றுக்கு வந்தது.

"பூச்சியம் வந்தாத்தான் பந்தயத்துல விடுவாங்க. இதையும் கழிச்சரட்டுமா?" என்று கேட்டாள் முபீனா.

"ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாங்க்கா," என்றாள் செம்மலர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்ப விடுங்க. ஓடட்டும்."

முபீனா விசிறியைப் போடாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.