மீன்குஞ்சைப் புரட்டிய இமைமுடி

உயிரின் ரகசியத்தை மனிதகுலம் இன்று காலை பதினொன்றரை மணிக்குத் தன் கண்ணாலேயே காணப்போகிறது என்று ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

உயிர் குப்புறப் படுத்திருந்தது.

அது இரண்டு நாள் வயதான மீன்குஞ்சு. அரை அரிசி அளவுதான். உடம்பு கண்ணாடி மாதிரி. ஒருக்களித்துப் படுத்தால் இதயம் துடிப்பது வெளியிலிருந்தே தெரியும். இதுவோ கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தியைப் போல முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. கூடப் பிறந்த மற்ற ஐந்தும் நேற்றைய ஒத்திகையிலேயே உயிரை விட்டிருந்தன.

பக்கத்து அறையில் சுவரளவு திரை, முன்வரிசையில் சிறப்பு விருந்தினர். திரையில் இதயம் துடித்தால், குஞ்சின் முன் குனிந்திருந்த ஆராய்ச்சியாளர் அவளுக்கு இன்னும் மூன்று வருடம் வேலை. துடிக்காவிட்டால் இந்த மாதத்தோடு கும்பிடு. இயக்குநர் அதை நேற்றே சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

குஞ்சைச் சுற்றி வெதுவெதுப்பான கூழ். சூட்டுத் தட்டிலிருந்து எடுத்த ஒரு நிமிடத்தில் உறைந்துவிடும். அப்புறம் குஞ்சு எப்படிப் படுத்திருக்கிறதோ அப்படித்தான்.

ஊசியால் தொட்டால் கிழியும். அவளுக்குத் தெரிந்து இதற்கு ஒரே கருவிதான்: பல்குத்தும் குச்சி, அதன் நுனியில் ஒட்டிய ஒற்றை இமைமுடி. விழாவுக்காக அறையைச் சுத்தம் செய்தவர்கள் அதைக் குப்பையில் போட்டிருந்தார்கள். கோடி ரூபாய் மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் பல்குச்சி கிடந்தால் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

தலைமுடி துவளும். புருவமுடி முரண்டு பிடிக்கும். அவளுடைய இமைமுடிகளில் உருப்படியானவை பதினோரு வருட ஆராய்ச்சிக்கே போய்விட்டன. மிச்சமெல்லாம் குட்டை.

“ஒரு மீனத் திருப்பிப் போடத் தெரியல. இதுக்கா பதினோரு வருஷம் படிச்ச?”

கதவோரம் நின்றது மாமியார். குடும்பத்தோடு வரலாம் என்று அழைப்பிதழில் போட்டிருந்ததை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு வந்தவர். மகன் முன்வரிசையில் இடம் பிடிக்கப் போயிருந்தான். இவர் மருமகளின் வேலையைப் பார்வையிட வந்திருந்தார்.

அவள் விஷயத்தைச் சொன்னாள்.

மாமியார் கைப்பையைக் கீழே வைத்தார்.

அவருடைய கண்ணழகு சொந்தபந்தம் அறிந்தது. பெண் பார்க்க வந்த அன்றே, “எங்க வம்சத்து இமை, உன் பிள்ளைகளுக்கும் வரும்” என்று அவளுக்கு ஆறுதல் சொன்னவர். கண்ணாடி போடச் சொன்ன டாக்டரோடு சண்டை போட்டவர்.

“எத்தனை வேணும்?”

“ஒண்ணு போதும் அத்தை.”

சுவர்ப்பக்கம் திரும்பி ஒரே இழுப்பு. முகம் சுளிக்கவில்லை. கண்ணில் சொட்டு நீர் இல்லை.

“இந்தா. என் புள்ளகிட்ட இதைப் போய்ச் சொல்லிட்டிருக்காத.”

நல்ல நீளம், அளவான வளைவு. குச்சியில் பசை வைத்து ஒட்டினாள். கூழுக்குள் விட்டு, குஞ்சின் தோளடியில் கொடுத்து மெல்ல நெம்பினாள். தூக்கத்தில் புரளும் குழந்தை மாதிரி அது ஒருக்களித்தது. தட்டிலிருந்து எடுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அறுபது எண்ணினாள். கூழ் உறைந்தது.

பக்கத்து அறையில் கைதட்டல் எழுந்தது. இயந்திரத்தின் துல்லியத்தைப் பற்றி இயக்குநர் பேசத் தொடங்கினார். பதினைந்து நிமிடம் பேசினார்.

மாமியார் மேல் ஒன்பது வருடமாக மனதுக்குள் எழுதி வைத்திருந்த குற்றப்பட்டியலை அவள் நின்ற இடத்திலேயே கிழித்துப் போட்டாள்.

“ரொம்ப நன்றி அத்தை.”

“இருக்கட்டும். கையை நல்லா அலம்பிட்டுச் சாப்பிட வா.”

மாமியார் கைப்பையை எடுத்துக்கொண்டு போனார். அவள் குச்சியைப் பத்திரப்படுத்துமுன், நுனியில் கூழ் ஒட்டியிருக்கிறதா என்று லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

அந்தக் குடும்பத்தில் மைக்ராஸ்கோப் கையில் இருப்பவள் அவள் ஒருத்திதான். அது தெரிந்தும் கொடுத்திருக்கிறார்.

யாரும் இல்லாத அறையில் கை தானாகக் குவிந்தது. பிறகு குச்சியைச் சின்ன டப்பாவில் போட்டு, தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அந்த முடிக்கு வேர் இல்லை. நைலான்.