கல்கத்தாக் கொலைகாரன்

கல்கத்தாவில் செத்த மூன்று பள்ளிக்கூடத்துப் பெண்களும் தன்னால்தான் செத்தார்கள் என்பது ஆம்பூரில் பெருமாள் ஒருவனுக்குத்தான் தெரியும். தோல் பதனிடும் ஷாப்பின் வேப்பமரத்தடியில் அவன் பேப்பரை விரித்தான். அதன் மூலையில் போன வாரம் தெறித்த ஆவாரம்பட்டைக் கறை.

சரக்கோடு கல்கத்தா போய் ஒரு வருஷம் இருந்து வந்தவன். அதனால் ஷாப்பில் பேப்பர் படிப்பது அவன் பொறுப்பு. படிக்கிறவன் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் இறங்க வேண்டாம். அவன் பங்குத் தோலையும் மற்றவர்களே இழுத்துப் போடுவார்கள்.

"இன்னா பெருமாளு, அந்தப் பாவி ஆப்ட்டானா?" என்றான் காசி, முழங்கால்வரை சுண்ணாம்போடு.

"இன்னிக்கு ஒண்ணும் இல்லப்பா."

"ஒண்ணும் இல்லன்னா நீ வந்து குழில எறங்கு!" எல்லாரும் சிரித்தார்கள்.

பெருமாள் பேப்பரைத் திருப்பிப் பிடித்தான். "ரயிலேறி... நம்ம பக்கந்தான் வர்றானாம்."

அப்போது கேட்டருகே டீச்சர் ஜெயம்மாள் வந்து நின்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பெருமாளின் மகள் தேவகி, அழுது வீங்கிய முகத்தோடு.

"பொண்ணுங்க எல்லாம் இஸ்கூலுக்கு வராம நின்னுட்டாங்க. ஒங்க தேவகி ஒருத்திதான் மிச்சம், அவளும் சிலேட்ட வைக்கோலுக்குள்ள ஒளிச்சு வெச்சிட்டா. நான் எவ்ளோ சொன்னாலும், பேப்பர்லயே வந்துச்சுங்கறாங்க. இஸ்கூல் இன்ஸ்பெக்டர் துரை வந்து பாத்தா பள்ளிக்கூடத்த மூடிடுவார்."

பேப்பரில் வந்தால் பொய்யாகுமா? ஜனம் அப்படித்தான் நம்பித் தொலைக்கிறது.

பெருமாள் மகளிடம் குனிந்தான். "அவன் இங்க வரமாட்டான் கண்ணு. நாளைக்கு இஸ்கூலுக்குப் போ."

"சிலேட்டோட போற பொண்ணுங்களத்தான் வெட்றானாம்பா. ராத்திரியெல்லாம் கனவுல வர்றான்."

"அப்படி ஒருத்தன் இல்லவே இல்ல."

காசி வாயைப் பிளந்தான். "இன்னா தோஸ்த், பேஜார் பண்றே? பேப்பர்ல போட்டுக்கீது, நீதான படிச்ச?"

ஷாப்பே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. பெருமாள் பேப்பரை மடித்துக் காசியின் கையில் கொடுத்தான். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு சுண்ணாம்புக் குழியைப் பார்த்து நடந்தான்.

"எனக்குப் படிக்கவே தெரியாதுப்பா."