அட்டையில் விழுந்த எண்ணெய்

"இன்னிக்கும் சொட்டியிருக்கு!"

காருக்கு அடியில் தலையை விட்டிருந்தவன் போட்ட கத்தலில், சமையலறைச் சண்டை ஒரு நிமிடம் நின்றது. ஒரே நிமிடம்தான்.

"உப்பு போடறதுக்கு முன்னாடி ருசி பாக்கணும்னு உங்க வீட்ல சொல்லித் தரலையா?" இது அம்மா.

"தந்தாங்க அத்தை. நீங்க ஏற்கெனவே ரெண்டு தடவை போட்டிருப்பீங்கன்னுதான் சொல்லித் தரல." இது மனைவி.

வருஷத்துக்கு இரண்டு தடவை அவன் மனைவியோடு அம்மா வீட்டுக்கு வருவான். வந்த மறுநாளே மூட்டை கட்டிவிடுவான். அதற்கு மேல் இந்த இரண்டு பேரையும் ஒரே கூரைக்குக் கீழே விட்டால் வீடு தாங்காது என்பது அவன் எண்ணம். குடும்பத்தைக் கட்டிக் காப்பாற்றுவதே தான்தான் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இந்தத் தடவை கிளம்ப முடியவில்லை. நேற்றுக் காலை, "என்னங்க, கீழே என்னமோ சொட்டியிருக்கே" என்று மனைவிதான் காட்டினாள். துடைத்துவிட்டுப் பார்த்தால் இன்றைக்கும் அதே இடத்தில் எண்ணெய். ஒழுகுகிற வண்டியை நம்பி ஆறு மணி நேரம் யார் ஓட்டுவது?

தெருமுனை மெக்கானிக்கைக் கூட்டிவந்தான். அந்தத் தெருவில் அவருக்கு மோப்பக்காரர் என்று பெயர். எந்தக் கோளாறையும் முதலில் மூக்கால்தான் பார்ப்பார்.

என்ஜினைக் கழுவித் துடைத்துவிட்டு, "வீட்ல முகப் பவுடர் இருக்கா?" என்றார் மோப்பக்காரர். "மேலே தூவிட்டு ஓட விடுவோம். எங்கே கசிஞ்சாலும் அந்த இடம் ஈரமாகி, தானே காட்டிக் கொடுத்துடும்."

மனைவி ஒரு டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"காருக்காவது உபயோகமாச்சே" என்றாள் அம்மா.

"இது உங்க டப்பா அத்தை. தலையணைக்கடியிலேருந்து எடுத்தேன்."

பத்து நிமிடம் என்ஜின் ஓடியது. தூவிய பவுடர் தூவியபடியே இருந்தது. மோப்பக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. காருக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்துவிட்டு, "காலையில பாப்போம் சார்" என்று போனார்.

"எப்ப சரியாகுமோ, எனக்கு எப்ப நிம்மதியோ" என்று அம்மா முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, அட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய். மோப்பக்காரர் விரலால் தொட்டார், தேய்த்தார், முகர்ந்தார். பிறகு சிரித்தார்.

"சிமெண்டுத் தரையில எந்த எண்ணெயும் கறுப்பாத்தான் சார் தெரியும். அட்டையில பாருங்க, தண்ணி மாதிரி இருக்கு. உங்க என்ஜின்ல இருக்கறது கன்னங்கரேல்னு இருக்கு. இது உங்க வண்டி எண்ணெயே இல்ல."

"பின்னே?"

"தையல் மிஷின் எண்ணெய். வீட்ல யாரு தைக்கறாங்க?"

அம்மாதான். அவனுக்குச் சுருக்கென்றது. வாய் ஒன்று சொல்கிறது, கை ஒன்று செய்கிறதா? மருமகளை வம்புக்கு இழுக்க வழக்கமான இரண்டு நாள் போதவில்லையா? இன்றைக்குக் கேட்டுவிட வேண்டியதுதான் என்று விறுவிறுவென்று உள்ளே போனான்.

தையல் மிஷின் இருந்த அறையின் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே சண்டைதான். ஆனால் குசுகுசுவென்று.

"நாலு சொட்டு விடுன்னா, கால் டப்பாவைக் காலி பண்ணியிருக்கே. கையா அது?"

"முதல் நாள் நீங்க விட்டது அவர் கண்ணுக்கே படல அத்தை. நான் கூப்பிட்டுக் காட்ட வேண்டியதாச்சு. எண்ணெயிலயுமா கஞ்சத்தனம்?"

"யோசனைதான் உன்னோடது. எண்ணெய் என்னோடது."

"உங்ககூட நாலு நாள் இருக்கணும்னு ஆசைப்பட்டேன் பாருங்க, எனக்கு நல்லா வேணும்."

அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நீ போயிட்டா இந்த வீட்ல சண்டை போடக்கூட ஆளில்லம்மா."

"அங்க மட்டும் என்ன வாழுதாம்? உங்க பிள்ளை எதைச் சொன்னாலும் 'சரி சரி'ன்னுட்டு ஆபீசுக்குப் போயிடறார்."

அவன் சத்தமில்லாமல் பின்வாங்கினான். வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை வருஷமாக இந்த இரண்டு பேரையும் பிரித்தது சண்டை இல்லை, அவன்தான்.

"கேட்டீங்களா சார்?" என்றார் வெளியே காத்திருந்த மோப்பக்காரர்.

"ஒண்ணும் தெரியல. நாளைக்கும் பாப்போம். புது அட்டை ஒண்ணு வெச்சுட்டுப் போங்க."

மோப்பக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு புது அட்டையை வைத்தார்.

அடுத்த நாள் காலை, அந்த அட்டையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு எண்ணெய்!

"அடிப்பாவி, டப்பாவையே கவுத்துட்டியா?" அம்மா மருமகளின் காதருகே பல்லைக் கடித்தபடி கிசுகிசுத்தாள்.

"நான் தொடவே இல்லையே! இன்னிக்கு உங்க முறைதானே அத்தை?"

"எனக்கு இப்பத்தானே முழிப்பே வந்துச்சு!"

இரண்டு பேரும் மெல்லத் திரும்பிப் பார்த்தார்கள்.

வாசற்படியில் உட்கார்ந்து அவன் போனில் பேசிக்கொண்டிருந்தான். "ஆமா சார், காருதான்... எங்கேருந்து ஒழுகுதுன்னே தெரியல சார். லீவை இன்னும் ஒரு வாரம் நீட்டிச்சுக் கொடுங்க."

போனைப் பிடித்திருந்த கையிலிருந்து முழங்கை வழியாக எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.