மாதிரி விவசாயி ராஜையன்

“இந்த கேஸ் தொட்டி வந்தப்புறம் எங்க வீட்டுப் பொம்பளைக்கு வேலையே இல்லாமப் போச்சு” என்றார் ராஜையன், கேமராவைப் பார்த்து.

கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி சட்டை, முடிக்கு மை, நெற்றியில் சந்தனம். சாணி கேஸ் தொட்டிக்குப் பக்கத்தில் இப்படியொரு மாப்பிள்ளை நின்று விதுரா பக்கம் யாரும் கண்டதில்லை.

கிருஷி ஆபீஸ் என்கிற விவசாய ஆபீஸிலிருந்து வந்த ரெம்யா தலையாட்டினாள். கூட வந்த ஷிபு வீடியோ எடுத்தான்.

அன்று காலை ஆறரைக்கே ராஜையன் நாக்குக்கு நல்ல ஓட்டம். தொழுவத்தில் சாணி வாருவது அவராம். தண்ணீர் கோரி ஊற்றிக் கலக்குவது அவராம். தொட்டியில் மிஞ்சும் சாணிக் குழம்பை வாழைக்கு உரமாகச் சுமப்பதும் அவரேதானாம். தொழுவத்தில் நின்ற பசுவுக்கு இவர் முகமே சரியாகத் தெரியாது.

உள்ளதைச் சொன்னால், அந்த வீட்டின் வேலைப் பங்கீடு ரொம்பச் சுலபம். அடுப்பு எரிகிறதா என்று கேட்பது அவர் பங்கு. மீதியெல்லாம் மனைவி சொர்ணம்மாள் பங்கு.

போன மாதம் அவளுக்கு நெடுமங்காட்டு பேக்கரி ஒன்றில் வேலை கிடைத்தது. ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் ஆகும். தொட்டி வேலை முடியவே எட்டாகிவிடும்.

“போ, நான் வேண்டாம்னா சொன்னேன்? தொட்டி வேலைய முடிச்சிட்டுப் போ” என்று பெரிய மனது பண்ணியிருந்தார் ராஜையன். பேக்கரிக்காரர் இந்தத் திங்கள்வரைதான் பொறுப்பேன் என்றுவிட்டார். இன்று திங்கள்.

சொர்ணம்மாள் குளித்து, நல்ல புடவை கட்டி, அடுக்களை வாசலில் நின்றாள். வீடியோவில் விழ ஆசை போலிருக்கிறது என்று நினைத்து, தள்ளி நிற்கும்படி ராஜையன் கைகாட்டினார்.

“சேட்டா, பறஞ்சது போதும். இனி ஒண்ணு கலக்கிக் காட்டுங்க” என்றாள் ரெம்யா.

ராஜையன் கம்பு தேடினார். அந்த வீட்டில் அதற்குக் கம்பே கிடையாது. சாணியில் கிடக்கும் வைக்கோலும் கல்லும் பொறுக்கிக் கையால்தான் கரைக்க வேண்டும். வேறு வழியில்லாமல் கையை முழங்கைவரை விட்டார்.

“இன்னிக்குச் சாணி சரியில்ல” என்றார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ரெம்யாவுக்குப் பரம சந்தோஷம். இதுதான் இனி மாதிரி வீடு. நாளை முதல் ஒரு வருஷம், தினமும் காலை ஆறரைக்கு விவசாயிகள் பார்க்க வருவார்கள். சேட்டன்தான் கலக்கிக் காட்ட வேண்டும்.

முடியாது என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் எல்லாம் நானேதான் என்று சொன்னது அப்படியே கேமராவில் இருக்கிறது. ஊர் சிரித்துவிடும்.

“என் பேரை உங்களுக்கு யாரு சொன்னா?”

“சேச்சிதான் ஆபீசுக்கு போன்ல விளிச்சாங்க. எல்லா ஜோலியும் சேட்டன்தான்னு பெருமையாச் சொன்னாங்களே.”

திரும்பிப் பார்த்தார். அடுக்களை வாசல் காலி. கீழே ரோட்டில் சொர்ணம்மாள் தோள்பையோடு ஏழு மணி பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள்.

ராஜையன் அவளைக் கூப்பிடக் கையை உயர்த்தினார். சாணி வழிந்து வெள்ளைச் சட்டைக்குள் இறங்கியது.

வழியனுப்புகிறார் என்று நினைத்து ரெம்யாவும் கையசைத்தாள்.