தலைவியம்மா குணமான கதை

“மார்ல கேன்சர்ங்கறாங்கடி! ஏதோ சளி பிடிச்ச மாதிரி ‘எனக்கு ஒண்ணுமில்ல’ன்னு உக்காந்திருக்கியே!”

மேனேஜர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல்கள் தாமாகவே திறந்துகொண்டன.

அவர் மனைவி, குடியிருப்பின் மகளிர் சங்கத் தலைவி, சோபாவை விட்டு அசையவில்லை. மைக்கைப் பிடித்தால் விடாதவள் அன்றைக்கு வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தாள்.

மேனேஜருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊழியர்களின் மனைவிமாருக்கு அவர் ஆபீஸ் வருஷாவருஷம் செலவழித்துச் செய்யும் பரிசோதனை அது. ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிறவள், தலைவலி, தூரத்துச் சாவு என்று சாக்குச் சொல்லித் தப்பித்து வந்தவள், இந்த முறைதான் சமர்த்தாகப் போய்வந்தாள். வந்த முடிவு இப்படி!

மனுஷன் அழவே ஆரம்பித்துவிட்டார்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், அழுகை நின்றுவிடும். அந்த வார்த்தையோடு தலைவியம்மாவின் மானமும் போய்விடும்.

வாயெடுக்கப் போனாள். வாசல் மணி அடித்தது.

வேலைக்காரி. தலைவியம்மா கொடுத்த பச்சைப் பட்டுப்புடவையில் பளிச்சென்று நின்றாள். பழைய துணியைக்கூட எண்ணிக் கொடுக்கிறவளா இதைக் கொடுத்தாள் என்று தெருவே வாயைப் பிளந்த புடவை.

தலைவியம்மா கதவைக் கால்வாசிதான் திறந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

“இனிமே வரவேணாம். வேற ஆள் பாத்தாச்சு.”

என்ன தப்பு செய்தேன் என்று கேட்டவளுக்குக் கதவுதான் பதில் சொன்னது.

பெரிய டாக்டர் மறுபடி சோதித்துப் பார்த்தார். கட்டியும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. மேனேஜர் அதிசயம் என்றார். தலைவியம்மா காரட் சாறு என்றாள். மன உறுதியால் நோயை விரட்டிய கதையை இப்போது மேடை மேடையாகச் சொல்கிறாள். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

வேலைக்காரி, வலி தாங்கமுடியாமல் போன பிறகு தர்மாஸ்பத்திரிக்குப் போனாளாம். இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அங்கே வசவு. அடுத்த மழைக்கு அவள் இல்லை.

அவள் புருஷன் சூட்டோடு சூடாக இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு வேறு பேட்டைக்குக் குடிபோய்விட்டான். புதியவள் நல்லது கெட்டதுக்கு உடுத்துவது அந்தப் பச்சைப் புடவையைத்தான்.

தலைவியம்மாவின் பேரைச் சொல்லிக்கொண்டு, தலைவியம்மாவுக்குப் பதிலாகப் போய் அந்தப் பரிசோதனை மெஷின் முன்னால் நின்றதற்கு, மூத்தவளுக்குக் கிடைத்த கூலி.