வாய்ப்பூட்டு

"உங்க வாயாலதாம்மா இந்த மருந்தே ஊத்திக்கப் போகுது!"

மருந்து கம்பெனி அதிகாரி போட்ட சத்தத்தில் நர்ஸ் வெலவெலத்துப் போனாள்.

"நான் என்ன சார் பண்ணேன்?"

"வர்றவங்ககிட்ட ஊர்க்கதை பேசறீங்க. மருமக வந்தாளா, முட்டி வலி தேவலையான்னு! மனச்சோர்வுக்குப் புது மாத்திரை கண்டுபிடிச்சு, பாதிப் பேருக்கு அதையும், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெத்து மாத்திரையும் கொடுத்துட்டு இருக்கோம். வெத்து மாத்திரைக்காரங்க தேறாம இருந்தாத்தானே மருந்தோட அருமை தெரியும்? இங்க மொத்தக் கூட்டமும் சிரிச்சுட்டுப் போகுது!"

"சிரிச்சா தப்பா சார்?"

"பணம் போட்டவங்க கைகழுவிடுவாங்க. இனிமே கேள்வியைக் கேளுங்க, மாத்திரையைக் கொடுங்க, அனுப்புங்க. மீறினா வேற ஆளைப் போட்டுடுவேன்."

வேலை போய்விட்டால்? தூக்கத்தில்கூடப் பேசுகிறவள், பாவம், வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாள்.

"தூக்கம் எப்படி? பசி எப்படி?" அதோடு சரி. முகம் உம்மென்று இருந்தது.

ரிட்டயர்டு தபால்காரர் மாத்திரையை வாங்கிக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் இருந்த தையல்காரம்மாவிடம் கிசுகிசுத்தார்.

"நம்ம ரேடியோ ஏன் நின்னுபோச்சு?"

"நானும் பார்த்தேன். நமக்கு வந்த அதே சீக்குதான். ஆரம்பத்துல நானும் இப்படித்தான் இருந்தேன்."

"விடக்கூடாது. தேத்தியே ஆகணும்."

அதற்குப் பிறகு தபால்காரர் வாராவாரம் ஒரு ஜோக்கோடு வந்தார். வீட்டில் மனைவியிடம் ஒத்திகை வேறு. தையல்காரம்மா மூலையில் கிடந்த மிஷினைத் தூசி தட்டி நர்ஸுக்கு ஒரு கைப்பை தைத்தார். யாரோடும் பேசாத லாரி டிரைவர் எழுந்து நின்று பாட்டே பாடினார். சுருதி மட்டும்தான் சேரவில்லை.

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள், சிரிப்பை அடக்க முடியாமல்.

"பாவம், அழப் போறா" என்றார் டிரைவர். அடுத்த வாரம் இரண்டு பாட்டாகப் பாடினார்.

மாதக் கடைசியில் அதிகாரி வந்தார். பார்த்தவுடன் தலையில் கையை வைத்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்துவிட்டார்.

"முன்னைவிட ஜோரா இருக்காங்களே எல்லாரும்! என்னம்மா பண்ணித் தொலைச்சீங்க?"

"சத்தியமா ஒண்ணும் பண்ணல சார். நீங்க சொன்னபடி உம்முன்னு இருந்தேன். அவங்கதான் என்னைத் தேத்தறேன்னு கிளம்பிட்டாங்க."

அதிகாரி முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

தபால்காரர் தையல்காரம்மாவுக்குக் கண் ஜாடை காட்டினார். ஆளுக்கொரு பக்கமாக அதிகாரியை ஒட்டி உட்கார்ந்தார்கள்.

"ஏன் தம்பி, தூக்கம் எப்படி? பசி எப்படி?"

அதிகாரி சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"ரெண்டும் போய் ரொம்ப நாளாச்சுங்க" என்றார், மெல்ல.

நர்ஸ் நாற்காலியை அவர் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சார், இப்போ நான் பேசலாமா?"